உங்களுக்குத் தெரியுமா? கையடக்க கேம் கன்சோலில் எது முதலில் கெடும்?

கையடக்க கேம் கன்சோல் வாங்கக் கிளம்புகிறவர்கள் இரண்டு கேள்விகளோடு போகிறார்கள். என்ன விலை? என்னென்ன கேம் ஓடும்? மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுவிட்டால் பாதிச் செலவு மிச்சம்: இதில் எது முதலில் தேயும், தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா? அதற்கு உதவும் துணுக்குகள் இங்கே.

பழைய கருவிகள் சொல்வது

✦ குண்டுக்குத் தப்பிய கேம் பாய்
1989-ல் வெளிவந்த நின்டெண்டோ கேம் பாய்களில் ஒன்று வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் எரிந்தது. மேலுறை உருகிக் கருகிவிட்டது. நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதித்தபோது உள்ளே சர்க்யூட் உயிரோடு இருந்தது. நியூயார்க்கில் உள்ள நின்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் அது காட்சியில் இருந்தது, திரையில் டெட்ரிஸ் ஓடியபடியே. ஒன்று பிழைத்ததால் அந்த மாடல் முழுவதும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது: விசிறி இல்லை, சுழலும் தட்டு இல்லை, கொதிக்கும் சிப் இல்லை. கெடுவதற்கு உள்ளே அதிகம் எதுவும் இல்லை.

✦ பழைய சரக்கு, புது யோசனை
கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். ஊரறிந்த, விலை குறைந்த தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத விதத்தில் பயன்படுத்துவதே அவர் கொள்கை. போட்டியாளர்கள் வண்ணத் திரைக்குப் போனபோது அவர் 160×144 புள்ளிகளும் நான்கே நிறச்சாயல்களும் கொண்ட திரையை வைத்தார். நான்கு பென்சில் பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அடுத்து வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து விற்பனை 11 கோடியே 86 லட்சத்தைத் தாண்டியது.

✦ ஆறு பேட்டரி, ஐந்து மணி நேரம்
1990-ல் வந்த சேகா கேம் கியரில் வண்ணத் திரை, பின்னொளி எல்லாம் உண்டு. ஆறு பென்சில் பேட்டரி போட்டால் மூன்று முதல் ஐந்து மணி நேரம். அதைவிடப் பெரிய தலைவலி பிறகுதான் தெரிந்தது. அதன் சர்க்யூட்டில் உள்ள சிறு கெபாசிட்டர்கள் வயதானதும் கசிகின்றன. படம் மங்கும், ஒலி அடங்கும். இன்று பழைய கேம் கியர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே ‘கெபாசிட்டர் மாற்றியாகிவிட்டதா?’ என்பதுதான்.

✦ திரையில் செங்குத்துக் கோடா?
பழைய கேம் பாய் திரையில் நெட்டுக்குத்தாகச் சில வரிசைகள் காணாமல் போயிருக்கும். திரை செத்துவிட்டது என்று எறிய வேண்டாம். பெரும்பாலும் திரையையும் பலகையையும் சேர்க்கும் மெல்லிய நாடாவின் ஒட்டு விட்டிருக்கும். சால்டரிங் அயர்னின் சூட்டைப் பக்குவமாகக் காட்டினால் ஒட்டு மறுபடி பிடிக்கும். பயமுறுத்தும் அறிகுறிக்குப் பின்னால் சில சமயம் சின்னக் கோளாறுதான் இருக்கும்.

✦ கேம் போகாது, சேமிப்பு போகும்
போக்கிமான் கோல்டு, சில்வர் (1999) கார்ட்ரிட்ஜ்களுக்குள் ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. கேமுக்குள் இரவு பகலைக் காட்டும் கடிகாரமும் நீங்கள் சேமித்த ஆட்டமும் அதை நம்பியே இருந்தன. பேட்டரி தீர்ந்தால் இரண்டும் போகும். 2002-ல் வந்த ரூபி, சஃபையரில் சேமிப்பை ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றினார்கள். அதில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும் நிற்கும், சேமித்தது பத்திரமாக இருக்கும். இரண்டிலும் பேட்டரி தீரத்தான் செய்கிறது. தீரும்போது எதைக் கூட்டிக்கொண்டு போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

✦ விண்வெளிக்கும் போய்வந்தது
1993-ல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரிப்ரோவ் மிர் நிலையத்துக்கு ஒரு கேம் பாயையும் டெட்ரிஸையும் எடுத்துப் போனார். அந்தக் கருவி 2011-ல் ஏலத்துக்கு வந்தது.

ஸ்டிக்: முதல் சந்தேகப் பேர்வழி

✦ ஆள் தானாக நடக்கிறானா?
ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் பாத்திரம் ஒரு பக்கமாக நகர்ந்தால் அதற்கு ‘டிரிஃப்ட்’ என்று பெயர். ஸ்டிக்குக்கு அடியில் கார்பன் பூசிய பட்டை இருக்கும். அதன்மேல் ஓர் உலோக நாக்கு உரசியபடி நகரும். நாக்கு நிற்கும் இடத்துக்கு ஏற்ப மின்தடை மாறும். அதை வைத்துக் கருவி திசையைக் கணக்கிடும். உரச உரசக் கார்பன் தேயும், பொடி உதிரும், கணக்கு தப்பும். கேம் கருவியில் முதலில் கெடுவது எது என்று பந்தயம் கட்டச் சொன்னால் தயங்காமல் இதன்மேல் கட்டலாம்.

✦ இரண்டு ஆண்டு கழித்து வந்த வழக்கு
நின்டெண்டோ ஸ்விட்ச் வெளியானது 2017 மார்ச் 3. அதன் கழற்றி மாட்டும் கன்ட்ரோலரான ஜாய்-கானின் ஸ்டிக் கோளாறுக்காக அமெரிக்காவில் கூட்டு வழக்கு தொடரப்பட்டது 2019 ஜூலையில். நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2020 ஜூனில் பங்குதாரர்கள் முன் மன்னிப்புக் கேட்டார். 2021-ல் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பான பெயூக் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2023-ல் ஐரோப்பாவில் வாரண்டி முடிந்த ஜாய்-கானுக்கும் இலவசப் பழுதுநீக்கம் அறிவிக்கப்பட்டது. தேய்மானக் கோளாறு வழக்கு வரை போகவே இரண்டு ஆண்டு ஆனது என்பதைக் கவனியுங்கள். முதல் வாரத்து விமர்சனங்கள் திரையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் சொல்லலாம். எத்தனை நாள் உழைக்கும் என்று அவற்றால் சொல்லவே முடியாது.

✦ டயர் தேய்வது போல
தொடர்ந்து உரசும் உறுப்பு தேயாமல் இருக்காது, கார் ஓட ஓட டயர் தேய்வதைப் போலத்தான் இது என்று 2021-ல் நின்டெண்டோவின் கோ ஷியோட்டாவே விளக்கம் கொடுத்தார். விளக்கம் சரிதான். ஆனால் டயரைத் தனியாகக் கழற்றி மாட்டலாம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

✦ கோளாறு ஒன்று, நஷ்டம் இரண்டு
சாதாரண ஸ்விட்சில் ஜாய்-கான் கழன்று வரும். கெட்டால் அதை மட்டும் அனுப்பலாம், வேறு வாங்கி மாட்டலாம், அதுவரை கருவி கையில் இருக்கும். 2019 செப்டம்பரில் வந்த ஸ்விட்ச் லைட்டில் ஸ்டிக் உடம்போடு ஒட்டியது. ஸ்டிக் கெட்டால் கருவி முழுவதும் பழுதுக் கடைக்குப் போக வேண்டும். லைட் விலை குறைவு என்று கணக்குப் போடும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

✦ 1879-ல் கிடைத்த மருந்து
மின்னோட்டத்துக்கு அருகே காந்தத்தை வைத்தால் குறுக்குவாட்டில் ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்தார். ‘ஹால் எஃபெக்ட்’ ஸ்டிக் அதை வைத்துத்தான் இயங்குகிறது. காந்தம் நகர்வதை உணரி தொடாமலே அறியும். உரசல் இல்லாததால் அந்த இடத்தில் தேய்மானமும் இல்லை. 1990-களிலேயே சேகா தன் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் இதைப் பயன்படுத்தியது. இன்று லெனோவோ லீஜன் கோ, எம்எஸ்ஐ கிளா போன்றவற்றில் இருக்கிறது. விலை குறைந்த சீனக் கருவிகள் பலவற்றிலும்கூட உண்டு. 2025 ஜூன் 5-ல் வெளியான ஸ்விட்ச் 2-வில் இல்லை.

✦ ஹால் இருந்தால் போதுமா?
போதாது. ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் தளரலாம், மேல்ரப்பர் உரியலாம், பொத்தானுக்கு அடியில் உள்ள ரப்பர் விரிப்பு கிழியலாம். ஹால் எஃபெக்ட் ஒரு தேய்மானத்தை நிறுத்துகிறது, அவ்வளவே.

✦ சோதித்துப் பார்க்கும் இடம்
ஸ்விட்சில் செட்டிங்ஸுக்குள் கன்ட்ரோலர் பகுதியில் ஸ்டிக்கை அளவுதிருத்தும் திரை ஒன்று உண்டு. கையை எடுத்ததும் குறி நடுவில் நிற்கிறதா, சுற்றினால் விளிம்பு வரை போகிறதா என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக், விண்டோஸ் கருவிகளில் ஒரு தந்திரம் நடக்கலாம். ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத ‘டெட் ஸோன்’ என்ற அளவைக் கூட்டி வைத்துவிட்டால் சிறிய டிரிஃப்ட் வெளியே தெரியாது. பழைய கருவி வாங்கும்போது அதைக் குறைத்துவிட்டுச் சோதியுங்கள்.

பேட்டரி: கட்டாயம் வயதாகும்

✦ 800 முறை, 80 சதவீதம்
சுமார் 800 முறை சார்ஜ் ஏறியபின் ஸ்விட்ச் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீத அளவுக்கு இறங்கும் என்று நின்டெண்டோவே சொல்கிறது. நாளுக்கு ஒரு முழு சார்ஜ் என்றால் இரண்டேகால் ஆண்டு. மூன்று ஆண்டு தினமும் ஆடிய கருவியை ‘பேட்டரி புத்தம் புதுசு’ என்று ஒருவர் விற்றால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

✦ பீரோவில் வைத்தாலும் கெடும்
ஆடாமல் எடுத்து வைத்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடச் சொல்கிறது நின்டெண்டோ. லித்தியம் பேட்டரி ஒரேயடியாகக் காலியாகிவிட்டால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். ‘பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்’ கேட்க நன்றாக இருக்கும். பேட்டரிக்கு அது நல்ல செய்தி அல்ல.

✦ வாங்குவோர் கைக்கு வருமுன்பே செத்த பேட்டரி
சும்மா இருந்தாலும் பேட்டரி சாகும் என்பதற்குச் சாட்சி பிளேடேட் என்ற சிறிய மஞ்சள் கருவி. 2021-ல் முதல் 5,000 கருவிகள் தயாராகி இருப்பில் இருந்தபோது பல பேட்டரிகள் சார்ஜ் ஏறாத நிலைக்குப் போயிருந்ததைத் தயாரிப்பு நிறுவனமான பேனிக் கண்டுபிடித்தது. கருவிகளைத் திரும்ப அனுப்பி எல்லாவற்றுக்கும் பேட்டரி மாற்றினார்கள். வெளியீடு 2022-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தையும் காரணத்தையும் அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். நிறுவனத்தின் நம்பகத்தன்மையை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

✦ மேஜையில் வைத்துப் பாருங்கள்
பழைய கருவியைச் சமதளத்தில் படுக்க வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடினாலும், திரை ஓரம் தூக்கியிருந்தாலும், பின்மூடி சரியாக அமராவிட்டாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய சோனி பிஎஸ்பி என்றால் மூடியைக் கழற்றி நேரிலேயே பார்த்துவிடலாம். உப்பிய பேட்டரியை அழுத்துவதோ குத்துவதோ சார்ஜ் போடுவதோ கூடாது. தீப்பிடிக்கும்.

✦ ஒரே பெயர், இரண்டு ஆயுள்
2017-ல் வந்த ஸ்விட்ச் ஒரு சார்ஜுக்கு 2.5 முதல் 6.5 மணி நேரம் ஓடும். 2019 ஆகஸ்டில் வந்த திருத்திய மாடல் 4.5 முதல் 9 மணி நேரம். பேட்டரி இரண்டிலும் அதே 4,310 எம்ஏஹெச். சிப்பைத்தான் மின்சாரம் குறைவாகக் குடிப்பதாக மாற்றினார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பின்பக்க மாடல் எண்ணின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் -01 என்று இருந்தால் அது திருத்திய மாடல். பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், எண்ணைப் படித்து வாங்குங்கள்.

✦ எம்ஏஹெச் ஏமாற்றும்
ஸ்விட்ச் 2-வின் பேட்டரி 5,220 எம்ஏஹெச். முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரியும் ஏறக்குறைய அதே எண்தான். ஆனால் டெக்கில் இரண்டு செல் தொடராக இருப்பதால் மின்னழுத்தம் இரட்டிப்பு. ஆற்றல் கணக்கில் முதலாவது சுமார் 20 வாட்-ஹவர், இரண்டாவது 40 வாட்-ஹவர். ஒப்பிட வேண்டுமானால் வாட்-ஹவரைக் கேளுங்கள். 2023 நவம்பரில் வந்த ஸ்டீம் டெக் ஓலெட் 50, ஏசஸ் நிறுவனத்தின் ஆர்.ஓ.ஜி. ‘அலை எக்ஸ்’ 80.

✦ 90-ல் நிறுத்து
பேட்டரியை எப்போதும் முழுக்க நிரப்பி வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். அதனால்தான் ஸ்விட்ச் 2-வில் சுமார் 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி தந்திருக்கிறார்கள். ஸ்டீம் டெக்குக்கும் 2025-ல் மென்பொருள் வழியாக இதுபோன்ற வரம்பு வந்தது. எப்போதும் சார்ஜரில் செருகியே ஆடும் வீடாக இருந்தால் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

வெப்பம்: நம் ஊருக்கான கேள்வி

✦ கத்திரி வெயிலில் என்ன ஆகும்?
ஸ்விட்சை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது நின்டெண்டோ. ஸ்டீம் டெக்குக்கு வால்வ் சொல்வது 0 முதல் 35. மே மாதத்து வேலூர் 40-ஐ சாதாரணமாகத் தாண்டும். சூடு ஏறினால் டெக் தன் வேகத்தைத் தானே குறைத்துத் தற்காத்துக்கொள்ளும். பேட்டரிக்கு அந்த வசதி இல்லை. நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போவது, மெத்தை மேல் வைத்துக் காற்றுத் துளையை அடைப்பது இரண்டும் அதன் ஆயுளை நேரடியாகக் கழிக்கும்.

✦ இடம் தவறிய கார்டு
2023-ல் வெளியான ஏசஸ் நிறுவனத்தின் ‘ஆர்.ஓ.ஜி. அலை’யில் மெமரி கார்டு செருகும் இடம் சூடான காற்று வெளியேறும் துளைக்குப் பக்கத்தில் இருந்தது. கடும் வெப்பத்தில் கார்டு படிப்பான் செயலிழக்கக்கூடும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024-ல் வந்த அலை எக்ஸில் அதன் இடம் மாற்றப்பட்டது. விவரப் பட்டியலில் ‘கார்டு வசதி உண்டு’ என்றுதான் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

✦ சுழல்வது எல்லாம் ஒருநாள் நிற்கும்
2004-ல் வந்த பிஎஸ்பியில் யுஎம்டி என்ற குட்டித் தட்டு சுழன்றது. பழைய பிஎஸ்பி வாங்குகிறவர் தட்டு படிக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான். இன்றைய கருவிகளில் சுழல்வது விசிறி மட்டும். முதல் ஸ்டீம் டெக்குகளில் இரண்டு நிறுவனங்களின் விசிறிகள் கலந்து வந்தன. ஒன்றில் கீச்சொலி என்று புகார், மற்றதில் இல்லை. ஒரே மாடலை வாங்கிய இருவர் நேர்மாறாகப் பேசினால் இருவருமே உண்மையைச் சொல்லலாம்.

✦ கீல் விரிசல்
மடக்கும் கருவி என்றால் கீலைப் பாருங்கள். 2006-ல் வந்த நின்டெண்டோ டிஎஸ் லைட்டில் வலப்பக்கக் கீல் விரிவது பேர்போன குறை. விரிந்த பிறகும் கருவி ஓடும். ஆனால் மேல்திரைக்குப் போகும் நாடா கீல் வழியாகத்தான் போகிறது.

மலிவு விலைக் கருவிகள்

✦ 400 கேம், நோக்கியா பேட்டரி
கண்காட்சிக் கடைகளிலும் இணையத்திலும் விற்கும் ‘400 இன் 1’ குட்டிக் கருவியின் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் பிஎல்-5சி வகைப் பேட்டரி இருக்கும். பழைய நோக்கியா போன்களில் இருந்த அதே வடிவம். கெட்டால் ஊர் மூலைக் கடையிலும் மாற்று கிடைக்கும் என்பது நல்ல விஷயம். கிடைப்பது தரமானதா என்பது வேறு கதை. 2007 ஆகஸ்டில் நோக்கியாவே 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அதிகம் சூடாகக்கூடும் என்று எச்சரித்து இலவசமாக மாற்றித் தந்தது. அசலுக்கே அந்தக் கதி என்றால் பெயர் இல்லாத நகலைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

✦ சார்ஜர் சரி, கருவி சரி, சார்ஜ் மட்டும் ஏறவில்லை
மலிவு ரெட்ரோ கருவிகள் சிலவற்றில் டைப்-சி துளை இருந்தும், இருமுனையும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறாது. காரணம் சில பைசாப் பொருள். தனக்கு மின்சாரம் வேண்டும் என்று சார்ஜருக்குச் சொல்ல அந்தத் துளையில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்க வேண்டும். அதை விட்டுவிடுகிறார்கள். ஒருமுனை பழைய பட்டை யுஎஸ்பியாக உள்ள கேபிளில் போட்டால் ஏறிவிடும். கருவி கெட்டதாக நினைத்துத் திருப்பி அனுப்புமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில பைசா மிச்சம் பிடித்தவர் உள்ளே வேறு எதில் மிச்சம் பிடித்திருப்பார் என்றும் யோசியுங்கள்.

✦ இலவச கார்டு
இவ்வகைக் கருவிகளோடு வரும் பெயரில்லா மெமரி கார்டுதான் பல சமயம் முதலில் சாகிறது. வாங்கிய அன்றே அதில் உள்ளதை நல்ல நிறுவனக் கார்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். கூடவே, கேம்களை நிரப்பி விற்கும் கார்டில் பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல்களே இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

✦ பொய் சொல்லும் கார்டு
512 ஜிபி என்று அச்சிட்ட கார்டுக்குள் 32 ஜிபிதான் இருக்கலாம். உள்ளே உள்ள கட்டுப்பாட்டுச் சிப்பைப் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். கருவியும் கணினியும் 512 என்றே காட்டும். உண்மைக் கொள்ளளவைத் தாண்டியதும் எழுதுவது எல்லாம் காணாமல் போகும். எஃப்3, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைக் காட்டிவிடும். ‘கேம் அடிக்கடி நின்றுபோகிறது’ என்ற புகாரில் கருவிமேல் பழி, கார்டில் குற்றம் என்பது அபூர்வம் அல்ல.

திருகைத் திறந்தால்

✦ எட்டிலிருந்து நான்கு
கருவிகளைப் பிரித்துப் பார்த்து, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போடுகிறது ஐஃபிக்ஸிட். ஸ்விட்ச் 2-வுக்கு அது கொடுத்தது 3. பசை போட்டு இறுக ஒட்டிய பேட்டரியும், பலகையோடு பற்றவைத்த நினைவகமும் காரணங்களில் சில. முதல் ஸ்விட்சுக்குக் கொடுத்திருந்த 8-ஐயும் இன்றைய அளவுகோலில் 4 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஸ்டீம் டெக்குக்கு 2022 முதல் ஸ்டிக், விசிறி, திரை எனத் தனித்தனி உதிரிபாகங்கள் கிடைக்கின்றன.

✦ பிரிக்குமுன் கார்டை எடு
ஸ்டீம் டெக்கின் பின்மூடியைக் கழற்றுமுன் மெமரி கார்டை வெளியே எடுக்க மறந்தால் கார்டு இரண்டாக உடையும். அனுபவப்பட்டவர்கள் அதிகம். முதல் மாடலில் திருகுகள் பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டி இறங்கின. அடிக்கடி கழற்றினால் மரை போய்விடும். ஓலெட் மாடலில் உலோக மரை வைத்தார்கள். விளம்பரத்தில் வராத முன்னேற்றம் இது. கருவியைப் பத்து ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்குத் திரையைவிட இதுதான் முக்கியம்.

✦ திருகின் தலை சொல்லும் சாட்சி
நின்டெண்டோ கருவிகள் பலவற்றின் வெளித்திருகுகளில் மூன்று கை கொண்ட வெட்டு இருக்கும். வீட்டில் உள்ள சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராது. திருகின் தலை சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத கருவியால் திறந்திருக்கிறார்கள். திறந்தது குற்றம் அல்ல. எதற்காகத் திறந்தீர்கள் என்ற கேள்விக்கு விற்பவர் தடுமாறினால்தான் யோசிக்க வேண்டும்.

✦ இன்றும் கிடைக்கும் கேபிள்
பிஎஸ் வீட்டாவின் முதல் மாடலில் சோனியின் தனிவகைச் சார்ஜ் துளை. 2013-ல் வந்த இரண்டாவது மாடலில் மைக்ரோ யுஎஸ்பி. பத்தாண்டு கழித்து எதற்குக் கேபிள் கிடைக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இரண்டுக்குமே சோனியின் தனிவகை மெமரி கார்டுதான் வேண்டும். அந்தத் தவறுக்கு மட்டும் இரண்டாவது மாடலிலும் விமோசனம் இல்லை.

கடையில் பணம் எடுக்குமுன்

✦ வாரண்டி எந்த ஊருக்கு?
நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடைவிரிக்கவில்லை. இங்கே விற்பவை பெரும்பாலும் துபாய், சிங்கப்பூர், ஜப்பான் வழியாக வந்தவை. வாரண்டி அந்த நாட்டோடு நிற்கலாம். ‘கடை வாரண்டி’ என்று சொன்னால் எத்தனை மாதம், எந்தெந்த உறுப்புக்கு, பழுதா மாற்றா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாய்வார்த்தைக்கு மதிப்பு உண்டு. தகராறு வந்தால் தாளுக்குத்தான் மதிப்பு.

✦ ஆர் என்று தொடங்கும் எண்
2012-ல் மத்திய அரசு சில மின்னணுப் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவைக் கட்டாயமாக்கியது. 15 பொருள்கள் கொண்ட முதல் பட்டியலிலேயே வீடியோ கேம் கருவியும் இருந்தது. பதிவு பெற்ற பொருளிலும் அதன் சார்ஜரிலும் ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும். அது இல்லை என்றால் இந்தியச் சந்தைக்கென்று வந்த பொருள் இல்லை என்று அர்த்தம்.

✦ கருவி நல்லது, பழைய உரிமையாளர் அப்படி அல்ல
2025-ல் திருட்டு நகல் கார்ட்ரிட்ஜ் போட்டு ஆடிய ஸ்விட்ச் 2 கருவிகளை நின்டெண்டோ தன் இணைய சேவையிலிருந்து தடைசெய்தது. தடை ஆளுக்கு அல்ல, கருவிக்கு. அதைத் தெரியாமல் வாங்கியவர் புதுக் கணக்கு திறந்தாலும் உள்ளே போக முடியாது. பழைய கருவி வாங்கும்போது விற்பவர் முன்னாலேயே வைஃபையில் இணைத்து ஆன்லைன் கடையைத் திறந்து பாருங்கள்.

✦ கருவி ஓடும், கடை மூடும்
3டிஎஸ் கருவிக்கான இணையக் கடை 2023 மார்ச் 27-ல் மூடப்பட்டது. 2024 ஏப்ரல் 8-ல் அதன் ஆன்லைன் ஆட்டமும் நின்றது. 2021-ல் பிஎஸ் வீட்டாவின் கடையையும் மூடுவதாக அறிவித்த சோனி, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. டிஜிட்டலாக மட்டும் கேம் வாங்குகிறவர், கருவியின் ஆயுளோடு கடையின் ஆயுளையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

✦ ஆயிரம் புகார் அதிகமா?
ஸ்விட்ச் விற்றது 15 கோடிக்கும் மேல். அதில் ஆயிரம் புகார் தூசு. ஐயாயிரமே விற்ற கருவிக்கு ஐம்பது புகார் வந்தால் மலை. எத்தனை பேர் புகார் சொன்னார்கள் என்று எண்ணுவதில் பயன் இல்லை. எல்லாப் புகாரும் ஒரே உறுப்பைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். ஆளுக்கொரு குறை சொன்னால் அது தற்செயல். எல்லோரும் ஸ்டிக்கையே சொன்னால் அது வடிவமைப்பு.

✦ எப்போது வாங்கலாம்?
கருவிகள் தொடக்கத்தில் அதிகம் கெடும், நடுவில் அமைதியாக ஓடும், கடைசியில் மறுபடி கெடும். இதைப் பொறியாளர்கள் ‘பாத்டப் வளைவு’ என்று வரைவார்கள். தொடக்கக் கோளாறு உற்பத்திக் குறையால், கடைசிக் கோளாறு தேய்மானத்தால். அதனால் இரண்டு முடிவுகள். புதுக் கருவியை வாங்கிய முதல் வாரம் நன்றாக வேலை வாங்குங்கள். கெடுவதாக இருந்தால் மாற்றித் தரும் காலத்துக்குள் கெடட்டும். புது மாடல் வந்தால் ஓராண்டு பொறுங்கள்; திருத்தங்கள் சத்தம் இல்லாமல் வந்து சேரும்.

✦ கடையில் பத்து நிமிடம்
மாடல் எண்ணைப் படியுங்கள். சமதளத்தில் வைத்து உப்பல் பாருங்கள். ஸ்டிக் சோதனைத் திரையைத் திறங்கள். எல்லாப் பொத்தான்களையும், மறக்காமல் தோள்பொத்தான்களையும் அழுத்துங்கள். வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் வைத்துப் புள்ளி பாருங்கள். கேபிளைச் செருகி இலேசாக அசைத்துச் சார்ஜ் அறுபடுகிறதா என்று கவனியுங்கள். கார்டு போட்டு ஒரு கேமைத் திறந்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். விசிறியைக் காதால் கேளுங்கள். வைஃபையில் இணையுங்கள். விலைபேச்சு இதற்கெல்லாம் பிறகு. கண்டுபிடித்த குறை ஒவ்வொன்றும் பேரத்துக்கு உதவும்.

✦ வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம்
கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் கிடையாது. எந்த கேம் கன்சோலும் அந்த வரம்பைத் தாண்டாது. கையில் பில் மட்டும் இருக்க வேண்டும்.